எங்கள் குடும்பத்துக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

எங்கள் வழக்கில் கூட நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா லாரி மோதி இறந்த வழக்கில் தீர்ப்பு வந்து, இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தையும் நீதிமன்றத்தில் கட்டிவிட்டது. தம்பி மைனர் என்பதால் அவன் பங்கு வங்கியில் டெபாசிட்டாகப் போய்விட்டது. உதவி செய்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அம்மாவுக்காகவும் எனக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் வக்கீல் ஐயாவுக்கு. பேர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வக்கீல்கள் விளம்பரம் தேடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இன்ன வழக்கில் தேர்ந்தவர் என்று போர்டில்கூட எழுதக் கூடாதாம். அவர் என்னென்ன வழக்கு நடத்துகிறார் என்பது அவர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தால் தெரியும். செக் பவுன்ஸ் ஆனவர், பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் தங்கை, ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண், மகனுக்கு ஜாமீன் கேட்டு அழும் தாய் என எல்லோரும் ஒரே பெஞ்சில்தான். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் படித்து, கோவில்பட்டியில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்து தொழில் கற்றவர். அவருடைய அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர்.

அப்பா உடல் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சிலர் எங்களைத் தேடி வந்து, வருகிற பணத்தில் இத்தனை பங்கு தந்தால் போதும் என்று பேரம் பேசினார்கள். வக்கீல் ஐயா அப்படிக் கேட்கவில்லை. இழப்பீட்டில் பங்கு பேசுவதே விதிப்படி தவறு என்றார். அதற்கும் முன்னால் அவர் சொன்னது இது: "பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவச சட்ட உதவி உண்டும்மா. சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க, 15100க்குப் போன் பண்ணலாம். யோசிச்சுட்டு வாங்க." தன்னைத் தேடி வந்த கட்சிக்காரரிடம் முதல் வேலையாக இதைச் சொன்ன மனிதரை விட்டு வேறு யாரிடம் போவது? அம்மா அங்கேயே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்.

காரியம் எல்லாம் முடியட்டும், ஆண்டுத் திதி கழியட்டும் என்றார்கள் சொந்தக்காரர்கள். 2022 ஏப்ரலிலிருந்து விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் மாறியதை எடுத்துச் சொல்லி, வக்கீல் ஐயா நாள் தவறாமல் தாக்கல் செய்தார்.

விசாரணையில் லாரி டிரைவர், அப்பாதான் தவறான பக்கமாக எதிரே வந்து மோதினார் என்று சாட்சி சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கை நடுங்கியது. வக்கீல் ஐயா குரலை உயர்த்தவே இல்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையை எடுத்து, "பைக்கோட ஹெட்லைட் உடையலை, சரிதானே?" என்றார். "ஆமா." "பின் மட்கார்டும் நம்பர் பிளேட்டும் நசுங்கியிருக்கு?" "ஆமா." "எதிரே வந்து மோதின வண்டிக்குப் பின்பக்கம் எப்படி நசுங்கும்?" "நான் கவனிக்கலை" என்றார் டிரைவர். வக்கீல் ஐயா அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். அந்த மூன்று கேள்விக்காக முதல் நாள் இரவு அந்த அறிக்கையையும் போலீஸ் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் பார்த்துக்கொண்டிருந்ததை நான் நேரில் கண்டவள்.

அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, டீக்கடைதான். பால்காரருக்குக் கொடுத்த கணக்கு நோட்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் வாங்கி வருமானத்தை நிரூபித்தார். நீதிமன்றம் மாதம் 12,000 என்று ஏற்றுக்கொண்டது. கணக்கை எனக்கு ஒரு துண்டுத்தாளில் போட்டுக் காட்டினார். அப்பாவுக்கு வயது 48, சொந்தத் தொழில் என்பதால் உச்ச நீதிமன்றத்தின் 2017 பிரணய் சேத்தி தீர்ப்பின்படி வருங்கால வருமான உயர்வுக்காகக் கால் பங்கு கூட்டி 15,000. அம்மா, ஆச்சி, நான், தம்பி என்று நான்கு பேர் நம்பியிருந்ததால் அப்பாவின் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 11,250. ஆண்டுக்கு 1,35,000. அந்த வயதுக்கு 2009 சரளா வர்மா தீர்ப்பு சொல்லும் பெருக்கல் எண் 13. ஆக 17,55,000 ரூபாய், இறுதிச் சடங்குச் செலவு போன்ற மற்ற தலைப்புகளுக்கான தொகை தனி. அப்பாவுக்கு விலை போட முடியாது என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் எங்களுக்கு வரவேண்டியதில் ஒரு ரூபாய் குறைய அவர் விடவில்லை.

ஜூனியர் அக்காவுக்கு நன்றி. "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க, பயப்படாதீங்க" என்று அம்மாவைக் கூண்டில் ஏறத் தயார்படுத்தியவர் அவர்தான். வாய்தா தள்ளிப்போனால் முதல் நாளே போன் செய்து எங்கள் பஸ் செலவை மிச்சப்படுத்திய குமாஸ்தா அண்ணனுக்கும் நன்றி.

எட்டயபுரம் ரோட்டு இளநீர்க்கடை அண்ணாச்சிக்கு என்ன சொல்வது? அப்பாவைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றியதும் அவர்தான், நல்ல வெயில் காலத்தில் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சாட்சி சொல்ல வந்ததும் அவர்தான். எங்களிடம் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை. அண்ணாச்சி, அப்பாவின் டீக்கடையை மறுபடி திறந்துவிட்டோம். ஒருநாள் கட்டாயம் வந்துபோங்கள்.

நன்றியுடன்,
டீக்கடைக்காரர் மகள்
கோவில்பட்டி