பில் போட முடியாத வேலை

மதிப்புக்குரிய ஆஸ்திரேலியக் கூட்டாட்சி, மாநில சுகாதார அமைச்சர்களுக்கு,

சிட்னியில் உளநோயுள்ளவர்களின் அன்றாட வாழ்க்கைக்குத் துணைநிற்கும் உளசமூக ஆதரவை வழங்கும் சிறிய அமைப்பு ஒன்றின் பணியாளன் எழுதுகிறேன். என்.டி.ஐ.எஸ். எனப்படும் தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டத்தின் செலவுக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அந்த வரம்பு யார் தலையில் விடிகிறது என்பதே என் கேள்வி.

முன்பு ‘பெர்சனல் ஹெல்பர்ஸ் அண்ட் மென்டர்ஸ்’ போன்ற திட்டங்களுக்கு அரசு மொத்தமாக நிதி ஒதுக்கியது. மனச்சிதைவு நோயுள்ள ஒருவர் கதவைத் திறக்க மாதக்கணக்கில் ஆகலாம். எங்கள் ஆள் போவார், தட்டுவார், தன் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வருவார். அடுத்த வாரமும் போவார். அந்த நடைக்கும் சம்பளம் இருந்தது. 2019 ஜூனோடு அந்தத் திட்டங்கள் முடிந்தன. என்.டி.ஐ.எஸ்.ஸில் சேர்ந்தவருக்கு, வேலை செய்த மணிக்கு, செய்து முடித்த பிறகுதான் பில் போடலாம். சேராதவரின் கதவைத் தட்டியதை எந்தப் பில்லில் எழுதுவது?

சேர்வதும் லேசுப்பட்டதல்ல. குறைபாடு நிரந்தரமானது, அல்லது அப்படி இருக்கக்கூடியது என்று காட்ட வேண்டும். காலையில் “தேறிவிடுவீர்கள்” என்று தைரியம் சொன்ன அதே மனிதருக்கு, மாலையில் அவர் தேறமாட்டார் என்பதற்கான சான்றுக் கடிதங்களைத் திரட்டுகிறோம். எங்களுக்குள் இதைச் சொல்லிச் சிரிப்பதும் உண்டு, வேறென்ன செய்வது?

சேர்ந்தவர் சில வாரங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தால் அவருக்கான மணிகள் நின்றுபோகும். அவற்றை நம்பியிருந்த தற்காலிகப் பணியாளர் வேறு வேலை பார்த்துக்கொள்வார். வீடு திரும்புகிறவர், அந்நியர்களைக் கண்டு அஞ்சும் நோயோடு, மறுபடியும் ஒரு அந்நியரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என்.டி.ஐ.எஸ்.ஸுக்கு வெளியே உளசமூக ஆதரவு தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள் ஏறத்தாழ 4.9 லட்சம் பேர் என்று 2024இல் வெளியான அரசுகளின் ஆய்வே சொல்கிறது. இவர்களைப் போன்றவர்களுக்கும் சேர்த்து அடிப்படை ஆதரவுச் சேவைகளை உருவாக்கி, செலவைப் பகிர்ந்துகொள்வதாக 2023 டிசம்பரில், பிரதமரும் மாநில முதல்வர்களும் கூடும் தேசிய அமைச்சரவையில் உங்கள் அரசுகள் ஒப்புக்கொண்டன. குழந்தைகளுக்கான ஏற்பாட்டைக் கூட்டாட்சி அரசு 2025இல் அறிவித்தும்விட்டது. உளநோயோடு வாழும் பெரியவர்களின் முறை எப்போது? கான்பெராவை, அதாவது கூட்டாட்சி அரசைக் கேட்டால் மாநிலத்தைக் கைகாட்டுகிறார்கள். மாநிலத்தைக் கேட்டால் கான்பெராவை.

யார் எவ்வளவு தருவது என்பதை முதலில் எழுத்தில் தாருங்கள். அந்தப் பணம் மணிக்கணக்கில் அல்லாமல், குறைந்தது ஐந்தாண்டு ஒப்பந்தமாக அமைப்புகளுக்கு வரட்டும். என்.டி.ஐ.எஸ்.ஸில் இருப்பவர்களுக்கு “உங்களுக்கு இனித் தகுதியில்லை” என்ற கடிதங்கள் அதற்குப் பிறகு தபாலில் சேரட்டும்.

இப்படிக்கு,
உளசமூகப் பணியாளர் ஒருவர், சிட்னி