புயல் பருவத்துக்கு முன் ரீக்ளெய்மர்களை எடை போடுங்கள்: நிலக்கரி முற்றப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்குக் கடற்கரையில் உள்ள அனல் மின் நிலையங்கள், நிலக்கரித் துறைமுகங்களின் தலைமைப் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் முற்றங்களில் தண்டவாளத்தின் மேல் ஓடி, நிலக்கரியைக் குவிக்கவும் பக்கெட் மாட்டிய சக்கரத்தால் அதை மறுபடி அள்ளவும் செய்யும் பக்கெட் வீல் ஸ்டேக்கர்-ரீக்ளெய்மர்களைப் பற்றி இரண்டு கோரிக்கைகள் வைக்கிறோம். அக்டோபர் பிறப்பதற்குள் ஒவ்வொரு எந்திரத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்கி மூலைக்கு மூலை எடை போடுங்கள். எந்திரத்தைத் தண்டவாளத்தோடும் தரையோடும் பிணைக்கும் புயல் பூட்டுகளைக் காகிதத்தில் டிக் அடிக்காமல், உண்மையிலேயே பூட்டிப் பாருங்கள். இந்த எந்திரங்களைப் பராமரிப்பவர்கள், இவற்றின் கட்டமைப்பைச் சோதிப்பவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

தண்டவாளத்தில் நிற்கும் வெட்டு எந்திரம் சாயும் என்பது புதிய கவலை அல்ல. பனாமா கால்வாய்க்குக் குலேப்ரா மலையைக் குடைந்த 95 டன் புசைரஸ் நீராவி ஷவல்கள் 5 அடி அகலப் பாதையில் நின்றுகொண்டு பக்கவாட்டில் மண் அள்ளின. அவற்றின் முன்புறம் இரு பக்கமும் கை நீட்டினாற்போல் ஜாக் ஆர்ம்கள் இருந்தன. ஒவ்வொரு முறை முன்னே நகரும்போதும் அவற்றைத் தளர்த்தி, மரக்கட்டை அடுக்கி, மறுபடியும் முறுக்கி இறுக்கினால்தான் வெட்ட முடியும். ஜெர்மனியின் லவுசிட்ஸ் பழுப்பு நிலக்கரிப் படுகையில் மண்ணைச் சுரங்கத்தின் மறுபக்கம் கடத்தும் எஃப்60 கன்வேயர் பாலங்களுக்கு மண் வெட்டிக் கொடுக்கும் இஎஸ் 3750 எந்திரங்களும் தண்டவாளத்தில் ஓடுபவையே. நெய்வேலிச் சுரங்கத்துக்குள் மண் வெட்டும் பக்கெட் வீல்கள் கிராலரில், அதாவது சங்கிலிப் பட்டைகளின் மேல், ஓடுகின்றன. அவற்றின் கணக்கு வேறு. நம் முற்றத்து ரீக்ளெய்மருக்கோ ஜாக் ஆர்மும் இல்லை, கிராலரின் அகலமும் இல்லை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள தூரமும், முன்னால் நீளும் கையான பூமுக்கு ஈடாகப் பின்னால் வைத்த எதிர் எடையும்தான் அதைத் தாங்குகின்றன.

எவ்வளவு தாங்குகின்றன என்று ஒரு மாதிரி எந்திரத்தை வைத்துப் பார்ப்போம். மொத்த எடை 500 டன், பாதை அகலம் 7 மீட்டர், பூம் நீளம் 35 மீட்டர். பூம் பாதைக்குக் குறுக்கே திரும்பியிருக்கிறது. மொத்த ஈர்ப்பு மையம் நடுக்கோட்டிலிருந்து பூம் பக்கம் 1 மீட்டர் தள்ளியிருக்கிறது என்று வைத்தால், சாயும் கோடான அந்தப் பக்கத் தண்டவாளத்துக்கு 2.5 மீட்டர் மிச்சம். கையிருப்புத் திருப்பு விசை 1,250 டன்-மீட்டர். பக்கெட் வீலில் ஒட்டும் ஒவ்வொரு டன் ஈர நிலக்கரியும் இதில் 31.5 டன்-மீட்டரைத் தின்கிறது. காற்று படும் முகப்பு, வடிவக் கெழுவும் சேர்த்து, 300 சதுர மீட்டர். காற்றின் மையம் 14 மீட்டர் உயரத்தில். நொடிக்கு 20 மீட்டர் காற்றில் அது சுமார் 7 டன் தள்ளு விசை, 100 டன்-மீட்டர்தான். சென்னைக்கு இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி தரும் அடிப்படைக் காற்று வேகமான 50 மீட்டரில் அதே முகப்பில் 46 டன் தள்ளுகிறது: 640 டன்-மீட்டர். வேகம் இரண்டரை மடங்கானால் விசை ஆறேகால் மடங்கு. கையிருப்பில் பாதி ஒரே அடியில் போய்விட்டது.

மிச்சப் பாதி போதாதா என்று கேட்கலாம். வரைபடத்தில் உள்ள எந்திரத்துக்குப் போதும். இவ்வகை எந்திரங்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 5049-1 விதிப்படி கவிழ்வுக்கு எதிரான பாதுகாப்புக் கெழு, முதன்மைச் சுமைகளுக்கு 1.5, கூடுதல் சுமைகளும் சேர்ந்தால் 1.3, சிறப்புச் சுமைகளில் 1.2. தயாரிப்பாளர் இதைக் கணக்கிட்டுத்தான் எந்திரத்தை ஒப்படைத்திருப்பார். அதற்குப் பின் என்ன நடந்தது? துணி பெல்ட் போய் ஸ்டீல் கார்டு பெல்ட் வந்தது. பூம் நெடுக தீயணைப்புக் குழாய் போட்டார்கள். இயக்குநர் அறைக்கு ஏ.சி. வந்தது. நடைபாதைத் தகடுகள் தடிமனாயின. தேய்ந்த பக்கெட்டுகளுக்கு மேல் பட்டை பட்டையாக வெல்டு வைத்தார்கள். ஒவ்வொன்றும் நியாயமான வேலைதான். ஆனால் எதற்கும் எடைக் குறிப்பு எழுதப்படவில்லை.

இதைவிட மோசம், யாரும் ஏற்றாமலே ஏறும் எடை. பெட்டி வடிவ உத்தரத்தின் வடிகால் துளை நிலக்கரித் தூளில் அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளேயே தங்குகிறது. 1 மீட்டருக்கு 1 மீட்டர் குறுக்களவு, 5 மீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டியில் 5 டன் தண்ணீர் நிற்கும். மேலே திறந்த எதிர் எடைப் பெட்டியிலும் இதே கதை. அங்கே தூளும் தண்ணீரும் சேர்ந்து கெட்டிச் சேறாகிவிடும். துளைக்குள் ஒரு கம்பியை விட்டுக் குத்தினாலே போதும் என்ற வேலைக்கு ஆண்டுப் பராமரிப்புப் பட்டியலில் ஒரு வரிகூடக் கிடையாது.

முன்னால் பாரம் கூடிவிட்டதென்று சந்தேகம் வந்ததும் பின்னால் நாலு கான்கிரீட் கட்டையை ஏற்றிவிடுவது நம்மூர் வழக்கம். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். இந்த எந்திரம் இரண்டு திசையிலும் சாயக்கூடியது. பக்கெட் வீல் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டால் முன்பாரத்தை நிலக்கரி தாங்கிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் எந்திரம் பின்பாரமாகிறது. பூமை ஏற்றி இறக்கும் லஃபிங் கயிறு தளர்கிறது, அல்லது சிலிண்டரில் அழுத்தம் விழுகிறது. பின்னால் நீங்கள் கூடுதலாக ஏற்றிய 3 டன் அப்போது உங்களுக்கு எதிராக வேலை செய்யும். எதிர் எடையை மாற்றுவதானால் எடை போட்ட பிறகு, கணக்குப் போட்டவரின் கையொப்பத்தோடு மாற்றுங்கள்.

எடை போடுவது பெரிய வித்தை அல்ல. நேரமும் பொறுமையும் வேண்டும். காற்று அடங்கிய விடிகாலையில் செய்யுங்கள், நொடிக்கு 3 மீட்டருக்கு மேல் காற்றிருந்தால் தள்ளிப்போடுங்கள். முதலில் எந்திரத்தைக் கழுவி, பெல்ட்டையும், நிலக்கரி சரிந்து இறங்கும் ஷூட்டுகளையும் காலி செய்யுங்கள். தயாரிப்பாளர் குறித்த ஜாக்கிப் புள்ளிகளில் மட்டும் பாரத்தை அளக்கும் லோடு செல்லோடு ஹைட்ராலிக் ஜாக்கி வையுங்கள். பூமைக் கிடைமட்டமாக வைத்து 0, 90, 180, 270 பாகைகளில் நான்கு மூலைகளின் சுமையையும் எழுதுங்கள். நான்கு நிலையிலும் கூட்டுத்தொகை ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் அளவீட்டில் பிழை, மேலே போகாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஏற்றும்போது ஒரு அளவும் இறக்கும்போது ஒரு அளவும் எடுத்துச் சராசரி பாருங்கள், உராய்வு கழிந்துவிடும். பிறகு பூமை முழுக்க உயர்த்தியும் முழுக்கத் தாழ்த்தியும் அதையே திரும்பச் செய்யுங்கள். ஈர்ப்பு மையத்தின் உயரம் அந்த வித்தியாசத்திலிருந்துதான் கிடைக்கும்.

இந்த அளவுகளிலிருந்து சுழலும் மேற்பகுதியின் ஈர்ப்பு மையத்தையும் பிரித்தெடுங்கள். அது மேற்பகுதியைத் தாங்கிச் சுழலவிடும் ஸ்லூ பேரிங்கின் நடுவிலிருந்து ஆரத்தின் பாதிக்கு மேல் விலகினால் பேரிங்கின் மறுபக்கம் தூக்கத் தொடங்கும். எந்திரம் கவிழ இன்னும் தூரமிருக்கும். ஆனால் அந்தப் பக்கப் போல்ட்டுகள் ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டுத் தளர்ந்து களைத்துப்போகும். ஒரே பக்கத்து போல்ட்டுகளே திரும்பத் திரும்பத் தளர்கின்றன என்று ஃபிட்டர் சொன்னால், டார்க் ரெஞ்சை எடுத்துக் கொடுப்பதோடு விடாமல் எடையையும் சந்தேகியுங்கள்.

முழு எடைபோடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பெரிய மாற்றம் ஒவ்வொன்றுக்குப் பிறகும் போதும். நடுவில் மாதம் ஒருமுறை, காலி பூமைக் கிடைமட்டத்தில் வைத்து லஃபிங் சிலிண்டர் அழுத்தத்தை ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் குறித்துச் சராசரியை வரைபடமாக்குங்கள். கோடு மேலே ஏறினால் முன்பாரம் கூடுகிறது. ஒரு பிரஷர் கேஜில் முடியும் காரியம்.

இயக்கத்துக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழையில் ஈர நிலக்கரி ஷூட்டில் அடைக்கும். அடைப்பு ஸ்விட்ச் அடிக்கடி டிரிப் ஆகும். கொதிகலனுக்கு மேலுள்ள சேமிப்புத் தொட்டியான பங்கருக்கு நிலக்கரி போயாக வேண்டும் என்று மேலிருந்து போன் வரும். ஸ்விட்சைச் செயலிழக்க வைக்கும் ஒரு ஜம்பர் ஒயர் பேனலில் முளைக்கும். மழை நின்ற பிறகும் அந்த ஒயர் அங்கேயே இருக்கும். மணிக்கு 1,000 டன், நொடிக்கு 2.5 மீட்டர் என்று ஓடும் பெல்ட்டில் மீட்டருக்கு 111 கிலோ, 35 மீட்டர் பூமில் ஏறக்குறைய 4 டன் எப்போதும் இருக்கிறது. இது கணக்கில் சேர்ந்த சுமை. ஷூட் அடைத்து பெல்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் சேரும் குவியல் கணக்கில் சேராதது. லஃபிங் கீழ் எல்லை, கயிறு தளர்வு, வீல் ஓவர்லோடு, ஷூட் அடைப்பு ஆகிய நான்கு ஸ்விட்சுகளுக்கும் ஜம்பர் போட ஷிப்ட் பொறுப்பாளருக்கு அதிகாரம் இருக்கக் கூடாது. அந்த அதிகாரம் உங்களிடம் மட்டும், எழுத்தில் மட்டும், நேர வரம்போடு இருக்கட்டும். நள்ளிரவில் போன் செய்து அனுமதி கேட்டால் கோபப்படாதீர்கள்.

இன்னொரு ஆபத்து, குவியல் சரிவது. வெட்டு உயரம் வீல் விட்டத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் மேலே உள்ள நிலக்கரி இடிந்து விழுந்து வீலைப் புதைக்கும். அப்போது லஃபிங் பட்டனை அழுத்திப் பூமைப் பிடுங்கி எடுக்கப் பார்ப்பது இயல்பு. அதைச் செய்யவே கூடாது. எந்திரத்தை நிறுத்தி, டோசரால் நிலக்கரியை விலக்கிய பிறகே தூக்க வேண்டும். அந்த அவசரத்துக்கு டோசர் எந்த முற்றத்தில் நிற்கிறது, யார் ஓட்டுவார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

புயலில் எந்திரம் நின்ற இடத்திலேயே சாய்வது அரிது. பெரும்பாலும் முதலில் உருள்கிறது, பிறகு பாதை முடிவில் உள்ள எண்ட் ஸ்டாப்பில் மோதிக் கவிழ்கிறது. நனைந்த தண்டவாளத்தில் சக்கரத்தின் பிடிமானம் அதன் மேலுள்ள எடையில் ஏழில் ஒரு பங்குதான் என்று கொள்ளுங்கள். நம் 500 டன் எந்திரத்தில் பாதிச் சக்கரங்களுக்குத்தான் பிரேக் என்றால் பிடிப்பு 35 டன். பூமைக் குறுக்கே விட்டுவிட்டு ஓடிவந்தால், பாதை நெடுக அடிக்கும் காற்று 46 டன் தள்ளும். பூம் பாதையோடு ஒட்டி நின்று முகப்பு 200 சதுர மீட்டராகக் குறைந்தால் 31 டன். எல்லாப் பிரேக்கும் பிடித்தால் மட்டுமே நிற்கும் என்ற நிலை. ஆக, பிரேக்கை நம்பிப் பயனில்லை. தண்டவாளத்தைக் கவ்வும் ரயில் கிளாம்ப், தரைக் குழியில் இறங்கும் ஸ்டார்ம் பின், எந்திரத்தைத் தரையோடு இழுத்துக் கட்டும் நான்கு மூலை டை-டவுன் மூன்றும் வேண்டும். 2003 செப்டம்பரில் மேமி புயல் பூசான் துறைமுகத்தில் 11 கன்டெய்னர் கிரேன்களை வீழ்த்தியும் சிதைத்தும் போட்டது. அவையும் தண்டவாளத்தில் நின்ற எந்திரங்களே.

ஸ்டார்ம் பின் குழியை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். மூடித் தகடு காணாமல் போயிருக்கும். குழி நிறைய நிலக்கரிச் சேறு, வெயிலில் காய்ந்து இறுகி, மேலே புல்கூட முளைத்திருக்கும். ஸ்டார்ம் பின் தன் உறைக்குள் துருவேறிப் பிடித்திருக்கும். கைப்பிடியில் மட்டும் போன வருடம் அடித்த சிவப்பு பெயின்ட் பளபளக்கும். மாதம் ஒருமுறை எந்திரத்தை அங்கே கொண்டுவந்து பின்னை முழு ஆழத்துக்கு இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். டை-டவுனை இறுக்கும் டர்ன்பக்கிள் மரைகளுக்குக் கிரீஸ் வையுங்கள். நான்கு மூலையிலும் இறுக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்திருந்தால் அதன் பங்கையும் அடுத்தது சுமந்து அறும், பிறகு அதற்கடுத்தது. குழியின் அடித்தளக் கான்கிரீட்டையும் அதில் பதித்த போல்ட்டுகளையும் இழுத்துச் சோதியுங்கள். பூமைத் தாங்கியின் மேல் வைப்பதானால் எவ்வளவு பாரத்தை அதில் இறக்கலாம் என்பதைக் கையேட்டில் பாருங்கள். முழுக்க இறக்கினால் மேலே சொன்ன பின்பாரச் சிக்கல் இங்கேயும் வரும்.

நேரக் கணக்கு அடுத்தது. நிமிடத்துக்கு 20 மீட்டர் நகரும் எந்திரம் 600 மீட்டர் முற்றத்தைக் கடக்க அரை மணி நேரம் எடுக்கும். எதிர்க்காற்றில் மோட்டார் திணறலாம், மின்சாரமே போகலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் முன்னெச்சரிக்கை 48 மணி நேரம் முன்பும், புயல் எச்சரிக்கை 24 மணி நேரம் முன்பும் வருகிறது. முதலாவது வந்ததும் பூட்டும் குழு யார் யார் என்று பெயர் எழுதுங்கள், இரண்டாவது வந்த ஷிப்டுக்குள் பூட்டி முடியுங்கள். காற்றுமானியை எந்திரத்தின் உச்சியில் வையுங்கள். கட்டுப்பாட்டு அறை மொட்டை மாடியில் இருக்கும் காற்றுமானி எந்திரத்துக்கு எந்தச் செய்தியும் சொல்லாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தாவின் கண் சென்னையைக் கடந்தபோது காற்று அடங்கி, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது. பூட்டு இரண்டு திசையையும் தாங்க வேண்டும். நடுவில் வரும் அமைதியில் டர்ன்பக்கிளைச் சரிபார்க்க யாரையும் அனுப்பாதீர்கள்.

தண்டவாளத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு பக்கத் தண்டவாளம் 50 மில்லிமீட்டர் இறங்கியதால் மட்டும் எந்திரம் கவிழ்ந்துவிடாது. 12 மீட்டர் உயரத்து ஈர்ப்பு மையம் 86 மில்லிமீட்டர் நகரும், அவ்வளவே. ஒரு மூலை மட்டும் இறங்கும்போதுதான் தொல்லை. மற்ற மூலைகள் அதன் பாரத்தைச் சுமக்கின்றன, ஒரு போகியின் (சக்கரத் தொகுதியின்) சக்கரம் தண்டவாளத்தைத் தொடாமல் சுற்றுகிறது. ஜல்லிக்குள் தூள் அடைத்து வடிகால் நின்ற இடங்களில் இது நடக்கும். மழைக்கு முன்னும் பின்னும் லெவல் எடுங்கள்.

தயாரிப்பாளரின் கவிழ்வுக் கணக்கு உங்கள் அலுவலகத்தில் எங்கோ ஓர் இரும்பு அலமாரியில் இருக்கும். அதன் பிரதியை எடைபோட்ட அறிக்கையோடும், 100 கிலோவுக்கு மேற்பட்ட மாற்றங்களை அவற்றின் இடத்தோடு குறிக்கும் ஒரு பதிவேட்டோடும் சேர்த்து, எந்திரத்தை இயக்குபவர்கள் எடுத்துப் பார்க்கும் இடத்தில் வையுங்கள். அந்த நிறுவனமே இன்று இல்லையென்றாலோ கணக்கு கிடைக்காவிட்டாலோ, எடைபோட்ட அளவுகளை வைத்துக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு புதிதாகவே கணக்கிடலாம். டெண்டர் நடைமுறைக்கு ஆகும் காலத்தையும் சேர்த்தால், அதற்கான கோப்பு ஜூனிலேயே நகர்ந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
கனரக எந்திரப் பராமரிப்பு, கட்டமைப்புச் சோதனைப் பணிகளில் உள்ள பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும்