டிசம்பரில் ஒரு அப்பா, மார்ச்சில் ஒரு அப்பா

அன்புள்ள கதிர்,

திங்கட்கிழமை நீ போனை வைத்த பிறகு நான் திரும்பக் கூப்பிடவில்லை. உன்மேல் கோபம் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். கோபமெல்லாம் இல்லை. போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் என் குரல் உயர்ந்துவிடும், உனக்கே தெரியும். அப்புறம் நான் சொல்ல வந்தது போய், நான் கத்தியதுதான் மிஞ்சும். அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டது ஒரே கேள்வி. "அப்பா, டிசம்பர்ல ஈஷா குஹாவை என்னவெல்லாம் சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹைதராபாத் ஐ.பி.எல். ஆட்டத்தில் இங்கிலாந்தின் கறுப்பினப் பந்துவீச்சாளர் ஜோஃப்ரா ஆர்ச்சர் 4 ஓவரில் 76 ரன் கொடுத்தார். ஹிந்தி வர்ணனையில் இருந்த ஹர்பஜன் சிங், லண்டனில் கறுப்பு டாக்ஸியின் மீட்டர் ஓடுகிற மாதிரி இங்கே ஆர்ச்சரின் மீட்டரும் ஓடுகிறது என்று சொன்னார். நீ அதைச் சொன்னதும் நான் பட்டென்று, "லண்டன் டாக்ஸி கறுப்புதானேடா, அவர் மீட்டரைப் பத்திதானே சொன்னாரு, இதுக்கெல்லாம் போய்" என்றேன். யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்தது போல வந்துவிட்டது. அடி வாங்கியவர் வெள்ளைக்காரப் பந்துவீச்சாளராக இருந்திருந்தால் அந்த டாக்ஸி வந்திருக்குமா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். போனை வைத்த பிறகு நானே கேட்டுக்கொண்டேன்.

டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்டின் இரண்டாம் நாள் பும்ரா ஐந்து விக்கெட் எடுத்தார். வர்ணனையில் இருந்த ஈஷா குஹா பாராட்டத்தான் வந்தாள். பாராட்டும்போது குரங்கினத்தைக் குறிக்கிற ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டாள். மறுநாள் ஆட்டம் தொடங்குமுன் கேமராவைப் பார்த்து, தவறான சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றாள். பக்கத்தில் நின்ற ரவி சாஸ்திரி, நேரலையில் இப்படி நின்று மன்னிப்புக் கேட்கத் துணிச்சல் வேண்டும் என்று அவளை மெச்சினார். நான் மெச்சவில்லை. அந்த மன்னிப்பு வந்த பிறகும், அவளைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த ஒன்றை நம் குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். அதில் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு பெண்ணை எதையெல்லாம் சொல்லி அசிங்கப்படுத்தலாமோ அதெல்லாம் இருந்தது. உன் அக்கா அதன் கீழே ஒன்றும் எழுதவில்லை. அந்த மௌனத்துக்கு அர்த்தம் நேற்றுதான் புரிந்தது. குழுவில் மேலே தள்ளித் தள்ளித் தேடிப்போய் அதை அழித்தேன். எல்லாரும் பார்த்து முடித்து மூன்று மாதம் ஆனதை அழித்து என்ன பயன் என்று அம்மா கேட்டாள். அது சரிதான். இருந்தாலும் அழித்தேன்.

கதிர், உனக்கு டீன் ஜோன்ஸ் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன். 1986 செப்டம்பர், சேப்பாக்கம், ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட். அப்போது எனக்கு 24 வயசு. ஆபீஸில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, பட்டாபிராமன் கேட் வழியாக உள்ளே போனேன். கையில் எலுமிச்சம்பழச் சாதமும் மோரும். உட்கார்ந்த இடத்தில் சிமெண்ட் சுட்டது. பின்னால் பக்கிங்ஹாம் கால்வாய் நாறியது. அந்த வெயிலில் அந்த ஆள் 502 நிமிஷம் ஆடினார். ஆடுகளத்துக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தார். காலைத் தூக்கி வைக்க முடியாமல் நிற்பதை என் கண்ணால் பார்த்தேன். முடியவில்லை, போய்விடுகிறேன் என்று அவர் சொன்னதற்கு, அப்படியானால் வலுவான குவீன்ஸ்லாந்துக்காரன் ஒருவனை வரச்சொல்கிறேன் என்று அவர் கேப்டன் ஆலன் பார்டர் குத்தியது பிறகு படித்துத் தெரிந்தது. 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டார். கடைசி நாள் கவாஸ்கர் 90 அடித்தார். 348 எடுத்தால் வெற்றி. 347-இல் மணீந்தர் அவுட். ஒரு பக்கம் சாஸ்திரி 48 ரன்னோடு நின்றுகொண்டிருந்தார். உலகத்தில் அதற்கு முன்னால் ஒரே ஒரு டெஸ்ட்தான் அப்படிச் சமனில் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து அவர் எனக்கு நம்ம ஆள். மெல்போர்ன்காரர் என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை. நீ வேலைக்கு மெல்போர்ன் போகிறேன் என்றபோது, டீன் ஜோன்ஸ் ஊருக்குப் போகிறான் என்றுதான் தெருவில் சொன்னேன்.

2006-இல் கொழும்பில், தென் ஆப்பிரிக்கா ஆடிய டெஸ்ட். ஆம்லா ஒரு கேட்ச் பிடித்தார், சங்கக்கார அவுட். வர்ணனை அறையில் ஜோன்ஸ், "அந்தத் தீவிரவாதி இன்னொரு விக்கெட் எடுத்துவிட்டான்" என்கிற மாதிரி சொன்னார். விளம்பர இடைவேளை, மைக் போகவில்லை என்று நினைத்தாராம். ஒரு நாட்டு ஒளிபரப்பில் விளம்பரம் ஓடினாலும் இன்னொரு நாட்டுக்குப் படமும் குரலும் போய்க்கொண்டே இருக்கும். தென் ஆப்பிரிக்காவில் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் காதில் அது விழுந்துவிட்டது. அவரை வர்ணனைக்கு வைத்திருந்த டென் ஸ்போர்ட்ஸ் சானல் உடனே அவரை நீக்கியது. மன்னிப்புக் கேட்டுவிட்டு ஊருக்கு விமானம் ஏறினார்.

அப்போது நீ பத்தாவது. கூடத்தில் உட்கார்ந்து நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்காது; எனக்கு இருக்கிறது. "மைக் ஆஃப்னு நினைச்சு ஏதோ தமாஷா சொல்லிட்டான், அதுக்கு வேலையை விட்டா தூக்கறது?" என்றேன். இப்போது யோசித்தால், மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்துச் சொன்னதுதான் இன்னும் மோசம். கேட்பவர்களைச் சிரிக்கவைக்கக்கூட அது சொல்லப்படவில்லை. நான்கு பேர் உட்கார்ந்திருக்கிற அறையில், சாதாரணமாக, அந்தப் பையனுக்கு அதுதான் பெயர் என்பது போல வந்திருக்கிறது.

ஆம்லாவுக்கு அப்போது 23 வயசு. டர்பன் நகரத்துப் பையன், முன்னோர்கள் குஜராத்திலிருந்து போனவர்கள். தென் ஆப்பிரிக்க அணியில் ஆடிய முதல் இந்திய வம்சாவளிக்காரர். தாடி வைத்திருந்தார், தொழுதார், மதுவோடு சம்பந்தப்பட்டது என்பதால் பீர் கம்பெனிச் சின்னத்தைச் சட்டையில் போடாமல் ஆடினார். ஒரு நல்ல கேட்ச் பிடித்ததற்கு அவருக்குக் கிடைத்தது அந்தச் சொல். ஆறு வருஷம் கழித்து லண்டன் ஓவலில் 311 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். அதை உட்கார்ந்து பார்த்து ரசித்தேன். அப்போதுகூட 2006 என் நினைவுக்கு வரவில்லை. அந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் பாவம் ஜோன்ஸ் என்றுதான் தோன்றியிருக்கிறது. பாவம் ஆம்லா என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

ஜோன்ஸ் கெட்டவர் என்று எழுத வரவில்லை. பிற்பாடு பாகிஸ்தான் லீக்கில் பயிற்சியாளராக இருந்து இஸ்லாமாபாத் அணியை இரண்டு தடவை ஜெயிக்க வைத்தார். அப்புறம் கராச்சி அணிக்குப் போனார். கராச்சியில் ஆட்டம் முடிந்ததும் குப்பைகளைத் தானே பொறுக்கிப் போட்டார், அந்தப் படம் உனக்கும் வந்திருக்கும். அவர் இறந்த பிறகு கராச்சிப் பையன்கள் தாங்கள் வென்ற கோப்பையை அவருக்கே அர்ப்பணித்தார்கள். அவருக்குள் என்ன மாறியது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் பத்து வருஷத்துக்கு முன்னால் அப்படிப் பேசிய அதே வாயோடு போய், அந்த மாதிரி தாடி வைத்த பையன்களோடு நின்று வேலை செய்தார். ஆகவே வேலை போனதால் அவர் வாழ்க்கை அழிந்துவிடவில்லை. அன்றைக்கு டென் ஸ்போர்ட்ஸ் செய்தது சரி என்று இப்போது நினைக்கிறேன். 19 வருஷம் ஆகியிருக்கிறது எனக்கு.

2020 செப்டம்பர் 24 நினைவிருக்கிறதா? மும்பை ஓட்டலில் ஜோன்ஸ் மாரடைப்பில் போனார், 59 வயசு. மெல்போர்ன் எம்.சி.ஜி. மைதானத்தை அவர் சவப்பெட்டி கடைசியாக ஒரு சுற்று வந்த வீடியோவை நீதான் பிறகு அனுப்பினாய். உன் ஊரில் அப்போது ஊரடங்கு. அவர் இறந்த அதே ராத்திரி ஐ.பி.எல். ஆட்டத்தில் கோலி ராகுலுக்கு இரண்டு கேட்ச் விட்டு, ஒரு ரன்னில் அவுட் ஆனார். ஊரடங்கில் அனுஷ்காவின் பந்துவீச்சில்தானே பயிற்சி செய்தார் என்று கவாஸ்கர் ஹிந்தியில் சொன்னார். கணவர் சரியாக ஆடாததற்கு என்னை ஏன் இழுக்கிறீர்கள் என்று அந்தப் பெண் எழுதினாள். இருவரும் வீட்டுப் பக்கம் ஆடிய வீடியோவைத்தான் குறிப்பிட்டேன், அவரைக் குறை சொல்லவில்லை என்று கவாஸ்கர் விளக்கம் சொன்னார். விளக்கத்தை நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் ஆட்டத்தில் இல்லாத ஒரு பெண்ணின் பெயர் அங்கே எதற்கு வந்தது என்று கேட்கவே இல்லை. சன்னி அந்த மாதிரி ஆள் இல்லை என்பதோடு எனக்கு விஷயம் முடிந்துவிட்டது. சேப்பாக்கத்தில் 90 அடித்தவர் ஆயிற்றே.

இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தால் என் தராசு எப்படி ஆடியிருக்கிறது என்று தெரிகிறது. சொன்னது யார் என்று முதலில் பார்க்கிறேன். நம்ம ஆள் என்றால் வாய் தவறியது, தமாஷ், மொழி புரியாமல் பெரிதாக்குகிறார்கள். வேறு ஆள் என்றால் திமிர், உள்ளே இருப்பது வெளியே வந்துவிட்டது. ஈஷா குஹாவின் பெற்றோர் கொல்கத்தாக்காரர்கள். ஆனாலும் இங்கிலாந்துக்கு ஆடிய பெண், ஆஸ்திரேலிய டிவியில் பேசினாள்; அதனால் வேறு ஆள் ஆகிவிட்டாள்.

அந்தச் சொல் எவ்வளவு கொடியது என்று எனக்குத் தெரியாமலும் இல்லை. 2007-இல் வடோதராவிலும் மும்பை வான்கடேவிலும் ஆஸ்திரேலிய வீரர் சைமண்ட்ஸைப் பார்த்து நம் கூட்டம் குரங்கு மாதிரி கத்தியது, கையைக் காட்டியது. அடுத்த ஜனவரியில் சிட்னியில் ஹர்பஜன் அதே சொல்லைச் சொன்னார் என்று மூன்று டெஸ்ட் தடை போட்டார்கள். மேல்முறையீட்டில் நீதிபதி ஜான் ஹான்சன், இனவசை நிரூபணம் ஆகவில்லை என்று தடையை நீக்கிவிட்டு வசைக்கு மட்டும் அபராதம் போட்டார். நம் தெருவில் வெடி வெடித்தோம். தீர்ப்பு தீர்ப்புதான், அதை நான் கிளறவில்லை. ஆனால் வான்கடேயில் கத்தியவர்களைப் பற்றி அன்றைக்கு நாங்கள் யாரும் பேசவே இல்லை. அது சாட்சி இல்லாத விஷயம் அல்ல, படம் இருந்தது.

நம்ம ஊர் சிவராமகிருஷ்ணன் 2021-இல் ட்விட்டரில் எழுதினார், வாழ்நாள் முழுக்க நிறத்துக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறேன், அதுவும் சொந்த நாட்டிலேயே என்று. எத்தனை வருஷம் வர்ணனை செய்தவர் அவர். அதற்கு நாலு வருஷம் முன்னால் அபினவ் முகுந்த், பதினைந்து வயசிலிருந்து நாடெங்கும் போய் ஆடும் இடத்திலெல்லாம் என் தோலைப் பற்றியே பேசினார்கள் என்று எழுதினார். இரண்டையும் படித்தேன். வடக்கத்தியர்கள் இப்படித்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஏன் போனாள் என்று திங்கட்கிழமை ராத்திரி கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். நீ எட்டாவது படிக்கும்போது, பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்புமுன் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று பவுடரைக் கழுத்துவரை அப்பிக்கொண்டாயாம். அவள் துடைத்துவிடப் போனபோது, "இப்படியே இருக்கட்டும்மா, இன்னிக்கு ஒரு நாளாவது அவர் அப்படிக் கூப்பிடமாட்டாரு" என்றாயாம். மண்டபத்து வாசலிலேயே அண்ணன், "வாடா கரிச்சட்டி, சுண்ணாம்பு அடிச்சிட்டு வந்திருக்கியா" என்று கூப்பிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கதிர். சிரித்தது நினைவிருக்கிறது. நீ அன்றைக்கு எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய் என்பது எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கு இருக்கிறது.

அண்ணன் பாசக்காரன். உனக்கு ஃபீஸ் கட்டியவன். நம்ம ஆள் என்றால் அவனைவிட யார்? அதனால்தான் அந்தப் பெயர் எனக்கு ஒரு நாளும் வசையாகக் காதில் விழவில்லை. நீ 34 வயசில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியபோதுகூட ஏர்போர்ட்டில் அப்படித்தான் கூப்பிட்டான். நீ சிரித்தாய். உன் மனைவி சிரிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். இனிமேல் கதிரை அப்படிக் கூப்பிடக் கூடாது, அவன் பிள்ளையையும் கூடாது. இத்தனை வருஷம் நான் சும்மா இருந்தது என் தப்பு என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாசத்துல கூப்பிடறதுக்கும் பஞ்சாயத்தா, பையன் வெளிநாடு போனதும் உனக்கும் கொம்பு முளைச்சிடுச்சா" என்றான். ஆடி மாசம் காதுகுத்துக்கு வரமாட்டேன் என்று வைத்துவிட்டான். எழுபது வயசான அவனோடு சண்டை போட்டது எனக்கு வலிக்கிறது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

நீங்கள் டிக்கெட் போட்டுவிட்டு வாருங்கள். அண்ணன் வந்தால் நான் வாசலில் நிற்பேன்.

அப்பா

திருவல்லிக்கேணி
27.3.2025