வீட்டை மட்டும் விற்றுவிடாதே

செங்கோட்டை

அன்புள்ள சங்கரா,

உன் வீட்டம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் இங்கே எங்களுக்கு நிம்மதி. சாரல் தொடங்கிவிட்டது. குண்டாறு மலை காலையிலிருந்து மேகத்துக்குள்தான் கிடக்கிறது.

பாங்காக்கில் மகளோடு போய் இருப்பதற்கான தாய்லாந்து விசா எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். காகிதமெல்லாம் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டது. அடுத்த வாரம் சென்னைக்குப் போகிறேன். 50 வயது ஆனவர்களுக்கு ஓ-ஏ என்று ஒரு விசா. பாங்கில் 8 லட்சம் பாட் (தாய்லாந்துப் பணம்) இருப்பு, இல்லையென்றால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். என் பென்ஷன் அதில் பாதிகூட வராது. புளியரை வயலை விற்ற பணமும் கிராஜுவிட்டியும் டெபாசிட்டில் கிடந்ததால் ஆயிற்று. அந்த 8 லட்சம் பாட் நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல்.

பாங்கு கொடுத்த கடிதத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, கடிதத்தில் வெறும் 'சு.' அந்த ஒரு எழுத்துக்காக மூன்று வாரம் அலைந்தேன். நீயும் உன் பாஸ்புக்கை இப்போதே எடுத்து ஒத்துப் பார்த்துவிடு.

மெடிக்கல் சான்றிதழைப் புனலூரில் மைத்துனர் வீட்டுக்குப் போனபோது வாங்கினேன். தொழுநோய், காசநோய், யானைக்கால், போதைப் பழக்கம், முற்றிய மேகநோய் (சிபிலிஸ்) எதுவும் இல்லையென்று டாக்டர் எழுதித் தர வேண்டும். வேட்டியைத் தூக்கச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே பெருவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கால் வீங்கியது உனக்குத் தெரியுமே, எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. "ஒன்னுமில்ல மாஷே" என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. திரும்பும்போது ரயில் பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் உன் பென்சிலை ஆற்றில் தொலைத்த அந்தச் சுற்றுலாவையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நீயும் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விடலாமா என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துத்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன். உன் மகன் இருக்கிற நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம், விசாரித்துக்கொள். ஆனால் இந்த விசாவைக் குடியேற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. கொடுப்பது ஒரு வருஷத்துக்குத்தான். அப்புறம் வருஷா வருஷம் நீட்டிக்க வேண்டும். 90 நாளைக்கு ஒருமுறை இன்ன விலாசத்தில் இருக்கிறேன் என்று குடிநுழைவு ஆபீசில் பதிய வேண்டும். வேலை எதுவும் பார்க்கக் கூடாது. டியூஷன்கூட எடுக்க முடியாது. 30 லட்சம் பாட்டுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். நீட்டிப்பில் இருக்கும்போது மறுநுழைவு அனுமதி வாங்காமல் கிளம்பிவிட்டால் தங்கும் உரிமையே போய்விடும். அம்மா திதிக்கு நான் வந்துதானே ஆக வேண்டும்!

இதையெல்லாம் தெரிந்துகொண்ட அன்றைக்கே இந்த வீட்டைக் கொடுப்பதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். நல்ல விலைக்குத்தான் கேட்டார்கள், கொல்லத்து ஆள். உன் மதினிக்குப் பேத்தியைத் தூக்கி வளர்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. பாங்காக்கில் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில்தான் மகள் வீடு. ஆனாலும் ஒரு வருஷம் நீட்டிப்பு கிடைக்காவிட்டால் வந்து இறங்க ஒரு திண்ணை வேண்டாமா? நீ விற்றுவிட்டால் அப்புறம் கடையநல்லூரில் அந்த இடம் உனக்குக் கிடைக்குமா?

அதனால் இந்த மாசம் முடிவதற்குள் ஒருநாள் வா. இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. கிணற்று மோட்டாருக்கு ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, மழைக்கு எந்த ஓட்டில் ஒழுகும் என்றெல்லாம் காட்டித் தருகிறேன். சாவியை உன்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போகப் போகிறேன்.

அன்புடன்,
கணபதி