மாதிரி ரயில் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத பெரும்பான்மையினருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஆயுத பூஜைக்கு எஞ்சின்களுக்குப் பொட்டு வைத்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கண்காட்சி நடத்தினோம். மலைப்பாதையில் ரயில் கவிழ்ந்ததைத்தான் அவர்கள் அதிகம் ரசித்தார்கள். ஆகவே அந்தப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் எச்.ஓ. லேஅவுட்டில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிப் பாதையில், மலை ஏற்றம் 4 சதவீதமாக (நூறு அங்குலத்துக்கு நாலு அங்குலம்) இருந்தது, அதுவும் 18 அங்குல ஆரமுள்ள வளைவின் மேல். "நிஜ ஊட்டி ரயில் 12 அடிக்கு ஓரடி ஏறுகிறதே" என்று கேட்டவர்களுக்கு ஒரு விளக்கம்: கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே அதற்குப் பல்சக்கரமும் பல்தண்டவாளமும் உண்டு. நமக்குச் சக்கரப் பிடிமானம் மட்டும்தான். போதாக்குறைக்கு வளைவின் உராய்வும் எஞ்சினின் சுமையைக் கூட்டும். எனவே ஏற்றத்தை 2 சதவீதமாகக் குறைத்து, வளைவை 24 அங்குலமாக விரித்தோம். பாதை இருமடங்கு நீண்டதால் ஓர் உறுப்பினரின் தேயிலைத் தோட்டத்தை எடுக்க வேண்டிவந்தது. அவர் அதன்பின் வரவில்லை.

ஏற்றம் தொடங்குமிடத்தில் தண்டவாளம் மெல்ல எழும்படி பிளைவுட்டைச் சீவினோம். அங்கே வெடுக்கென்று மடங்கினால் எஞ்சினின் நடுச்சக்கரம் அந்தரத்தில் நிற்கும், பெட்டிகளை இணைக்கும் கொக்கியான கப்ளர் கழன்றுகொள்ளும். தண்டவாளத் துண்டுகளை நேராக வைத்துச் சால்டர் செய்த பிறகே வளைத்தோம். வளைத்தபின் இணைத்தால் மூட்டு முழங்கை போல் துருத்திக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் வண்டி கவிழ்ந்தால் பெட்டிகளைப் பார்க்க வேண்டும். 6 அங்குலப் பெட்டி சுமார் 113 கிராம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரை. எடை ஒட்டச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. லேசான பெட்டியை எஞ்சினுக்கு அடுத்தும் கனமானவற்றைப் பின்னாலும் மாட்டினால், ஏற்ற வளைவில் லேசானது உள்பக்கம் இழுபட்டுச் சாயும். இது இயற்பியல், செயலாளரின் சதி அல்ல.

பாதைக் குழுவுக்குக் கை தூக்கியவர்கள் பலர். ஞாயிற்றுக்கிழமைகளில் சால்டர் புகையில் நின்றவர்கள் நானும் பொருளாளரும்.

வரவு செலவை அவரே வாசிப்பார். சுருக்கமாக, செலவு நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகம், சந்தா நினைத்ததைவிட ரொம்பக் குறைவு. இடம் தந்தவருக்கும் மின்வேலை பார்த்தவருக்கும் நன்றி.

மலையின் இறக்கப் பக்கம் இன்னும் பழைய வளைவுதான். அடுத்த ஆண்டு அதை வேறு யாராவது எடுத்துச் செய்வதென்றால் மகிழ்ச்சியோடு விலகிக்கொள்வேன். சரி, சந்தா பாக்கி உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன் பொருளாளரைப் பார்க்கவும்.