பங்குப்பேரவைக்கு: அந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தைக்கும் பங்குப்பேரவை உறுப்பினர்களுக்கும்,

இயேசுவுக்குப் புகழ்.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோயில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்கான வரி கட்டாத குடும்பங்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தன. குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்று முடிவான கூட்டத்தில் நானும்தான் கை தூக்கினேன். அந்த வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். பட்டியலில் நான்காவது பெயர் என் பக்கத்து வீட்டு அக்காவுடையது.

அன்று சாயங்காலம் அக்கா ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு வந்தார். "எண்ணிப் பாரு தம்பி" என்றார். பத்தும் இருபதுமாகக் கசங்கிய நோட்டுகள். ஒன்றிரண்டில் மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. 1,340 ரூபாய் இருந்தது. மகளின் ஸ்கூல் வேன் காசும் அதற்குள்தான். "இதைக் கட்டினா பேரை அழிச்சிருவாங்களா?" என்று கேட்டார். உங்களிடம் நேரில் வரக் கூச்சப்பட்டு, டின்னை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த அக்கா யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். ஆழ்கடலுக்குப் போன அவருடைய கணவர் திரும்பவே இல்லை. அடக்கம் செய்ய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த வருடம் குமரிக் கடற்கரையில் எத்தனையோ ஊர்களில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டமே இல்லை. நம் கோயிலிலும் சீரியல் லைட் இல்லை, ஸ்பீக்கர் செட் இல்லை. கொஞ்சம் வைக்கோலும் ஒரு துண்டுப் பழைய வலையும்தான் இயேசு பிறப்புக் குடில். நடுச்சாமப் பூசையில் நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார் அப்போதைய சாமியார். யாரும் வாய் திறக்கவில்லை. அக்காதான் கைக்குழந்தையோடு எழுந்தார். "ஒம்பது வருசம் அவரோட வாழ்ந்தேன். அதுக்கு நன்றி ஆண்டவரே." அவ்வளவுதான் சொன்னார். கிறிஸ்து பிறப்பு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த ராத்திரிதான்.

அந்தப் பெயரையா பலகையில் ஒட்டினோம்?

குடிலில் மோட்டார் வைத்து அருவி ஓடவிடுகிறோம். பக்கத்துப் பங்கைவிட நம் ஸ்டார் உயரமாக இருக்க வேண்டும் என்று சண்டை போடுகிறோம். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும் போதுமானதாக இருந்தது. பெத்லகேமுக்கு வந்த இடையர்கள் கடவுளைப் புகழ்ந்துகொண்டே திரும்பிப் போனார்கள். அவர்களிடம் யாரும் வரி கேட்கவில்லை. பூசையில் நாம் வாங்கும் நற்கருணை என்பதற்கான கிரேக்கச் சொல்லுக்கே நன்றி கூறுதல் என்றுதான் பொருள் என்று மறைக்கல்வியில் நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? அப்புறம் எதற்கு இந்தப் பட்டியல்?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னியுங்கள். தாழ்மையோடு கேட்கிறேன்: பட்டியலை எடுத்துவிடுங்கள். கட்ட முடிந்தவர்கள் கட்டட்டும், முடியாதவர்களைக் கேட்க வேண்டாம். ஸ்டார் கொஞ்சம் சின்னதாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. நடுச்சாமப் பூசையில் 2017-இல் செய்ததுபோல ஐந்து நிமிடம் ஒதுக்கி, மக்கள் வாய்விட்டு நன்றி சொல்ல விடுங்கள். முதலில் அந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள்.

டின் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. 24-ஆம் தேதிக்குள் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், அப்படியே அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மக்களில் ஒருவன்