பெல்ட்டும் படுக்கையும் முதுகுவலிக்கு மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

முதுகுவலி பற்றிய மருத்துவக் குறிப்புகளில் ஓய்வு, பெல்ட், ஸ்கேன் ஆகிய மூன்றும் தவறாமல் இடம்பெறுகின்றன. மூன்று மாதத்தைத் தாண்டிய வலிக்கு இவற்றால் பெரும்பாலும் பலனில்லை. இடுப்புப் பெல்ட், இழுவை சிகிச்சை (எடையாலோ கருவியாலோ முதுகெலும்பை இழுப்பது) இரண்டையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது.

ஸ்கேன் அறிக்கையில் 'டிஸ்க் தேய்மானம்' (முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் வட்டு தேய்வது) என்று பார்த்ததுமே பலர் குனிவதை விட்டுவிடுகிறார்கள், நடையைக் குறைத்துக்கொள்கிறார்கள். தசை தளர்ந்து வலி கூடுவது அங்கேதான் தொடங்குகிறது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்து 2015-ல் வெளியான தொகுப்பில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் இந்தத் தேய்மானம் இருந்தது. நரைமுடியைப் போல அதுவும் வயதோடு வருவது.

ஆனால் சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய், கீழே விழுந்த அடி ஆகியவற்றோடு வரும் வலியையும் தள்ளிப்போடக் கூடாது.

மற்றவர்களுக்கு நடையே நல்ல தொடக்கம். வலி கூடாமல் 10 நிமிடம் நடக்க முடிகிறவர் 8 நிமிடத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டி, வாரம் ஐந்து நாள் 30 நிமிடம் என்ற அளவுக்கு வரலாம். எப்போது நிறுத்துவது என்பதைக் கடிகாரம் முடிவு செய்யட்டும், வலி அல்ல. வலி குறைந்த நாளில் தேங்கிய வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு மூன்று நாள் படுத்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. நடந்தபின் சற்று வலித்தாலும், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வரவில்லையென்றால் முந்தைய வாரத்தின் அளவுக்கு இறங்க வேண்டும்.

தசைக்கு ஒரு பயிற்சி. உள்ளங்கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டி 8 முதல் 10 வினாடி நிறுத்தி, பக்கம் மாற்ற வேண்டும். காலை அதிகம் தூக்கினால் இடுப்பு ஒரு பக்கம் திரும்பி முதுகு குழிந்துவிடும். பயிற்சி கெடுவது இதனால்தான். கால் இடுப்பின் உயரத்தைத் தாண்டக் கூடாது. போகப்போக நிறுத்தும் நேரத்தை நீட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டுவது நல்லது. இரவில் டிஸ்க் நீர் உறிஞ்சி உப்பியிருப்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனியும் பயிற்சிகள் வேண்டாம்.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சில நாளைக்குச் சரி. மாதக்கணக்கில் தானாக வாங்கி விழுங்கினால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம்.

டிஸ்க் கோளாறு என்றே பல ஆண்டு மருந்து சாப்பிடும் இளையவர்கள் சிலருக்கு உண்மையில் இருப்பது முதுகெலும்பு மூட்டு அழற்சி. 45 வயதுக்குள் தொடங்கும் வலி, அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் காலை விறைப்பு, பின்னிரவில் எழுப்பிவிடும் வலி, அசைந்தால் குறைந்து ஓய்வெடுத்தால் கூடும் தன்மை ஆகியவை அதன் அடையாளங்கள். இவர்கள் பார்க்க வேண்டியது எலும்பு மருத்துவரை அல்ல, மூட்டுவாத நிபுணரை.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்